ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஒரு பழமொழி. இந்த அமீனா நீதிமன்றக் கட்டளையோடு வந்து சொத்தைப் பறிமுதல் செய்யும் உத்தியோகத்தர். எங்கள் வகுப்பில் அந்தப் பெயருடைய தோழி ஒருத்தி ஒவ்வொரு வருடமும் இதை யாருக்காவது விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அமீனா வரவில்லை, ஆமைதான் வந்தது. அதுவும் தானாகப் புகவில்லை. கொழும்புக்குக் குடிபோன உறவினர் ஒருவர், "பிள்ளைகள் வைத்து விளையாடட்டும்" என்று ஒரு பிளாஸ்டிக் பேசினில் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார்.

அது நட்சத்திர ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிர் கதிராகப் பிரியும். புத்தளம், மன்னார், அம்பாந்தோட்டை போன்ற உலர் பிரதேசங்களின் பற்றைக்காடுகளில் வாழ்வது. இந்த ஆமை இரண்டு வருடங்களாகக் குளியலறையில், அந்தப் பேசினிலேயே இருந்திருக்கிறது. சாப்பாடு பாணும் சோறும். தூக்கிப் பார்த்தேன். வயிற்றுப் பக்கத்து ஓடு என் பெருவிரலுக்கு அமுங்கியது, ஐஸ்கிறீம் டப்பாவின் மூடியைப் போல.

ஓடு ஆமை போட்டிருக்கும் சட்டை அல்ல. அது உயிருள்ள என்பு. முள்ளந்தண்டும் விலா என்புகளும் மேலோட்டோடு ஒன்றாய் இணைந்திருக்கின்றன. ஓட்டைத் தொட்டால் ஆமைக்குத் தெரியும். அந்த என்பு உறுதியாக இருக்கக் கல்சியம் வேண்டும். உணவிலுள்ள கல்சியத்தை உடல் உறிஞ்சிக்கொள்ள விற்றமின் டி வேண்டும். விற்றமின் டியைத் தோல் உண்டாக்க வெயிலிலுள்ள கழியூதாக் கதிர் வேண்டும். குளியலறையில் மூன்றாவது இல்லை. பாணில் முதலாவதும் போதாது. யன்னலோரம் வைத்தால் போதாதா என்று உம்மா கேட்டார். சாதாரண யன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். தேவையான அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

வாப்பா கேட்டது வேறு. "இதை வீட்டில் வைக்கலாமா?" வைக்கக்கூடாது. 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு நானா அழைத்தார். மழையால் பாதைகள் மூழ்கியிருந்த நாட்கள் அவை. வாகனம் வரச் சில நாட்கள் செல்லும், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள், பேசினில் வைக்க வேண்டாம் என்றார் பேசிய உத்தியோகத்தர். அப்படித்தான் நாங்கள் ஆமைக்கு வீடு கட்டத் தொடங்கினோம்.

முதலில் பழைய மீன் தொட்டியை எடுத்தோம். பெரிய பிழை. ஆமைக்குக் கண்ணாடி ஒரு சுவர் என்று விளங்குவதில்லை. அந்தப் பக்கம் தெரிகிறது, ஆகவே போகலாம் என்று நினைத்து அன்று பின்னேரம் முழுவதும் ஒரே மூலையில் முட்டிக்கொண்டு நடந்தது. அடியில் வழுக்கியதால் கால்களும் இரு பக்கமும் விரிந்தன. மேலும் அப்படிப்பட்ட தொட்டிக்குள் காற்றும் ஓடாது.

அடுத்த நாள் நானா பழைய அலுமாரிப் பலகைகளை அறுத்து நான்கடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் மேலே திறந்த பெட்டி ஒன்று செய்தார். சுவர் ஒன்றரை அடி. ஆமை ஏறாது என்று நினைக்கக்கூடாது. மூலையில் காலை ஊன்றி அது எழும்பி நிற்பதை நான் பார்த்தேன். அடியில் பொலித்தீன் விரித்து, தோட்டத்து மண்ணும் தும்புத்தூளும் கலந்து நான்கு அங்குலத்துக்குப் பரப்பினோம். உரம் போட்ட மண் கூடாது. ஒரு பாதியில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தோம், மறு பாதியைக் காயவிட்டோம். ஈரப் பக்கத்தில் உடைந்த மண்பானையின் பாதியைக் கவிழ்த்தோம். போட்ட பத்து நிமிடத்தில் ஆமை அதற்குள் போய்விட்டது. இரண்டு வருடங்களில் ஒளிந்துகொள்ள அதற்குக் கிடைத்த முதல் இடம் அதுவாக இருக்கலாம்.

ஏன் இரண்டு பாதி? ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமானால் சூட்டுக்கு நடக்கும், குளிர் வேண்டுமானால் நிழலுக்கு நடக்கும். பெட்டி முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் அதற்குத் தெரிவு இல்லை. காய்ந்த பக்கத்துக்கு மேலே பழைய இழை மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டோம். எல்.ஈ.டி. குமிழ் வெளிச்சம் தரும், சூடு போதாது. கீழே வெப்பமானி வைத்து, 32 பாகை செல்சியஸ் வரும்வரை குமிழை ஏற்றி இறக்கினோம். பானைப் பக்கம் 27. இரவில் குமிழை அணைத்துவிட வேண்டும்; ஆமைக்கும் இருட்டு வேண்டும்.

தண்ணீருக்கு மண்சட்டி மூடி. கழுத்துக்கு மேலே தண்ணீர் நிற்கக்கூடாது, ஏனெனில் தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது.

கழியூதாக் கதிருக்கென்றே விசேட குழாய் விளக்குகள் உண்டு. அலங்கார மீன் விற்கும் இரண்டு கடைகளில் கேட்டோம். நீல வெளிச்சத்தைக் காட்டினார்கள், அது வேறு. கிடைத்திருந்தாலும் சில மாதங்களில் கதிர் குறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் அப்படியே இருப்பதால் நமக்குத் தெரியாது. ஆகவே காலையில் மழை விட்டபோதெல்லாம் முற்றத்தில் கோழி வலைக்குள் விட்டோம். காகத்துக்காக மேலேயும் வலை, நிழலுக்காக ஒரு பக்கம் கிடுகு. ஐந்து நாட்களில் மூன்று நாள்தான் வெயில் எறித்தது.

பாணை நிறுத்தினோம். புல், செவ்வரத்தை இலையும் பூவும், கொஞ்சம் முருங்கை இலை கொடுத்தோம். முதல் நாள் மணந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் செவ்வரத்தைப் பூவைக் கடித்தது. கல்சியத்துக்குக் கணவாய் ஓடு. அதைக் கடற்கரையில் பொறுக்கலாம், காசு இல்லை.

பூவைக் கடித்த பிறகு நானாவின் மனம் மாறியது. இவ்வளவு செய்துவிட்டோமே, வைத்துக்கொண்டால் என்ன? எனக்கும் அந்த ஆசை வந்தது, மறைக்கவில்லை. உம்மா பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை நினைவூட்டினார். நாங்கள் பட்டினி போடவில்லையே என்றார் நானா. "அந்தப் பெண் பூனையைத் தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை, மகன்" என்றார் உம்மா.

நானாவுக்கு நான் சொன்னது வேறு. இந்த ஆமைகள் செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பெருமளவில் கடத்தப்படுகின்றன. அழிவுறும் இனங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய மாநாடு 2019இல் கொழும்பில் நடக்கவிருந்தது. ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே இலங்கையும் இந்தியாவும் வேறு சில நாடுகளும் சேர்ந்து கேட்டதால் நட்சத்திர ஆமை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதலாம் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. பேசினில் வந்த ஆமையும் யாரோ காட்டிலிருந்து தூக்கிவந்ததுதான்.

ஆறாம் நாள் வாகனம் வந்தது. உத்தியோகத்தர் ஓட்டை அமுக்கிப் பார்த்தார். ஐந்து நாட்களில் என்பு இறுகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே காட்டில் விட முடியாது, முதலில் மிருக வைத்தியர் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பானையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆமை அதற்குள்ளேயே இருந்தது.

பெட்டி இன்னும் விறாந்தையில் இருக்கிறது. உம்மா அந்த மண்ணில் கொச்சிக்காய் விதை போட்டிருக்கிறார்.