சிறுநீரகக் கோளாறா? இளநீரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்!

மூன்று மாதம் முன்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். பதினைந்து வருடச் சர்க்கரை. இரண்டு காலும் வீங்கியிருந்தன.

"டாக்டர், கிட்னியில கோளாறுன்னு சொல்லிட்டாங்க. காலையில வாழைத்தண்டு ஜூஸ், மதியம் ரெண்டு இளநீர். உப்புக்குப் பதிலா இந்துப்பு. வீக்கம் மட்டும் வத்தவே மாட்டேங்குது!"

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தது. இன்னும் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

'சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே' என்று பார்க்கிறீர்களா? இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எங்கள் மருத்துவம் சொல்லவில்லை.

கல் வேறு, செயலிழப்பு வேறு

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வேண்டியதைத் திரும்ப உடம்புக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கல் இருப்பவருக்கு வடிகட்டி நன்றாக இருக்கும், பாதையில்தான் அடைப்பு. அவர் நிறையத் தண்ணீர் குடிக்கலாம். செயலிழப்பில் வடிகட்டியே பழுது. உள்ளே போகும் நீரும் பொட்டாசியமும் வெளியேற வழியில்லாமல் தேங்கும். அவருக்குச் சொன்ன வைத்தியத்தை இவர் செய்தால் வினைதான்.

உப்பில் கை வையுங்கள்

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு அடங்கட்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். இந்துப்பும் உப்புதான், சோடியம் அதிலும் உண்டு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும். அது இன்னும் ஆபத்து.

இல்லத்தரசிகளே, அவருக்கு மட்டும் தனிச் சமையல் வைக்காதீர்கள், மனசு சுருங்கிப்போகும். வீடு முழுக்க உப்பைக் குறையுங்கள். மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, சில சொட்டு எலுமிச்சை போதும். போகப் போக நாக்கு பழகிவிடும்.

காய்கறியை இப்படிச் சமையுங்கள்

பொட்டாசியம் கூடியிருப்பதாக ரத்தப் பரிசோதனை காட்டினால் இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். காயைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். ஆப்பிள் போன்றவற்றை அளவாகச் சாப்பிடலாம். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையையே பாதிக்கும் நஞ்சு.

பருப்பும் தண்ணீரும்

பருப்பு, முட்டை, மீனை அடியோடு நிறுத்தாதீர்கள், உடம்பு உருகிவிடும். அளவு குறைந்தால் போதும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ புரதம் கூடுதலாகவே வேண்டும். தண்ணீரும் ஆளுக்கு ஆள் மாறும். வீக்கம் இருந்தால், சிறுநீர் குறைந்தால், உங்கள் மருத்துவர் சொல்லும் அளவுதான் கணக்கு. காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

மருந்தில் ஜாக்கிரதை

முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு எதிரி. யாரோ கொடுத்த பஸ்பம், செந்தூரம், பெயர் தெரியாத சூரணமும் அப்படித்தான். முறையாகப் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் வாங்கினாலும், சிறுநீரக நிபுணரிடம் அதை மறைக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதல் இரண்டு இடம் இந்த இரண்டு நோய்களுக்குத்தான்.

இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வருடம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். மருத்துவர் அனுமதித்தால் தினமும் அரைமணி நேரம் நடங்கள். புகையிலை வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர் போன வாரம் வந்திருந்தார். வீக்கம் வடிந்து முகம் தெளிவாக இருந்தது. "வீட்டுல வாழைத்தண்டு கிடக்கே டாக்டர், என்ன செய்ய?" என்றார்.

"பேரனுக்குப் பொரியல் செஞ்சு குடுங்க சார்" என்றேன்.