கப்பல் இல்லாத போட் மெயில்

ஈப்போவில் இரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் பினாங்குக்குப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தமிழ்நாட்டிலும் இப்படியொரு பயணம் இருந்தது. ஆனால் அந்த ஃபெரி போய்ச் சேர்ந்தது வேறொரு நாட்டுக்கு!

‘போட் மெயில்’ என்று அதற்குப் பெயர். சென்னை எழும்பூரில் புறப்பட்டுப் பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடிக்கு வரும். பாலம் திறந்த 1914-லேயே கப்பலும் ஓடத் தொடங்கியது. தனுஷ்கோடி ஒரு மணல் காடு. இரு பக்கமும் கடல், நடுவில் ஒதுங்க நிழலில்லாத வெண்மணல். ஆயினும் அந்த மணலைக் கையால் தோண்டினால் குடிக்க நல்ல தண்ணீர் ஊறும், இன்றும் ஊறுகிறது. அங்கிருந்து கப்பலில் 22 மைல் போனால் தலைமன்னார். அங்கே கொழும்பு இரயில் காத்திருக்கும்.

உங்கள் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியிருப்பார். அவருடைய பங்காளி ஒருவர் கங்காணியின் பின்னால் இந்த மணல் வழியே இலங்கைத் தோட்டத்துக்குப் போயிருக்கக்கூடும். நம்மவர்களை ஜெரெஜாக் தீவில் நிறுத்தி வைத்தார்கள் அல்லவா? அதேபோல அவர்களை மண்டபம் முகாமில் வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள்.

1964 இந்த வழிக்குப் பொல்லாத ஆண்டு. அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது முடிவு. அவர்களில் பலர் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர்கள். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர்களைக் கேட்டா முடிவு செய்தார்கள்? இல்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் இரயிலைக் கடல் அப்படியே விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் மீண்டும் இரயில் போகவில்லை.

பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. நாடு ‘திரும்பியவர்கள்’ அதில்தான் வந்திறங்கினார்கள். சிலருக்கு நீலகிரித் தேயிலையில் வேலை கிடைத்தது, சிலருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத்தில். அங்கேயும் பால்மரம்தான்! இலங்கையில் கலவரம் மூண்டபின், 1984-இல் அந்தக் கப்பலும் நின்றது.

இன்று தனுஷ்கோடி முனைவரை தார்ச்சாலை போகிறது. இடிந்த தேவாலயத்தையும் இரயில் நிலையச் சுவர்களையும் பார்க்கலாம். சென்னை–இராமேசுவரம் இரயிலுக்கு இன்றும் போட் மெயில் என்றே பெயர். போட் தான் இல்லை.