உடைய வேண்டியது உடையட்டும்

கோடை தொடங்கிவிட்டால் அம்மருட் அடுக்குமாடிகளில் வாழும் எம்மவர் சிலரின் பேச்சு மீன்பிடியில்தான் போய் முடியும். கடல் எமக்குப் புதிதல்ல. 1956 இல் நோர்வேக்கு வந்த அன்ரனி இராஜேந்திரம் பின்னாளில் ஊரில் தொடக்கிய சீநோர் நிறுவனமே கடற்றொழிலாளருக்கானதுதான். ஆனால் கடலை அறிந்தவர் எல்லோரும் இயந்திரத்தை அறிந்தவரல்லர். இதை நான் சென்ற யூலையில் படித்தேன்.

இரவல் வாங்கிய சிறு படகு, 4 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம், என்னோடு மச்சானும் என் இரு பிள்ளைகளும். நாக்ஹொல்மென் தீவுக்குக் கிட்ட ஆழம் குறைந்த இடத்தில் 'டக்' என்றொரு சத்தம். இயந்திரம் முன்னையிலும் உரத்து இரைந்தது, படகோ நகரவில்லை. நெசொட்டன் கப்பல் போகும் வழிக்குக் காற்று எங்களைத் தள்ளத் தொடங்கியது. துடுப்பு இருந்தபடியால் கரை சேர்ந்தோம்.

குருநகரில் வளர்ந்த அண்ணர் ஒருவர் அன்று மாலை வந்து பார்த்தார். புறொப்பெலரைக் கழற்றியவர் சிரித்தார். "இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை தம்பி. பின்தான் உடைந்திருக்கு. அது உடையத்தான் வேணும்" என்றார்.

சிறிய இயந்திரங்கள் பலவற்றில் புறொப்பெலரைத் தண்டோடு இணைப்பது மென்மையான உலோகப் பின் ஒன்று. கல்லில் அடிபட்டால் அது முறிந்து, உள்ளேயுள்ள பற்சக்கரங்களைக் காப்பாற்றும். நோர்வேஜிய மொழியில் 'பிறுட்டபின்ன' என்று கேட்டால் கடையில் தருவார்கள். அவசரத்துக்கு இரும்பாணியைச் செருகினால் அடுத்த அடியில் ஆணி உடையாது, பற்சக்கரம்தான் உடையும்.

பெரிய இயந்திரங்களில் பெரும்பாலும் பின்னுக்குப் பதிலாக இரப்பர் புஷ் இருக்கும். மெதுவாகப் போகையில் படகு ஓடி, வேகம் கூட்டியதும் இயந்திரம் மட்டும் இரைந்தால் புஷ் வழுக்குகிறது என்று சந்தேகியுங்கள். உள்வளையத்துக்கும் புறொப்பெலருக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டு ஓடிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. மெதுவாகவே கரைக்குத் திரும்புங்கள்.

வளைவில் மட்டும் இரைச்சல் கூடினால் புறொப்பெலர் காற்றை இழுக்கிறது. இயந்திரம் உயரமாகப் பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது எல்லோரும் முன்பக்கம் இருக்கலாம். புறொப்பெலருக்கு மேலுள்ள தட்டையான தகடு ஏறத்தாழப் படகின் அடிமட்டத்தோடு இருக்க வேண்டும். படகு நடுங்கினால் இதழ் வளைந்திருக்கிறதா, பாசி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

மிகவும் கள்ளத்தனமான எதிரி எமது தூண்டில் நூல். அது தண்டில் சுற்றிக்கொண்டு எண்ணெய் அடைப்பை மெல்ல அறுக்கும். தண்ணீர் உள்ளே போகும். கீழ்ப்பெட்டி எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம் உடனே கொண்டு போங்கள். பருவத்துக்கு ஒருமுறையாவது புறொப்பெலரைக் கழற்றிப் பாருங்கள்.

எதைத் தொடுமுன்னும் இயந்திரத்தை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றி, பிளக் வயரையும் பிடுங்கிவிடுங்கள். கையால் சுழற்றும்போது இயந்திரம் பிடித்துக்கொண்டால் விரல் மிஞ்சாது.

இப்போது என் படகுப் பையில் இரண்டு பின்கள், ஒரு ஸ்பிளிட் பின், குறடு, திறப்பு, கத்தி எல்லாம் இருக்கின்றன. துடுப்பு எப்போதும் படகிலேயே. 8 மீற்றரிலும் குறைந்த படகு ஓடும்போது எல்லோரும் மிதவை அங்கி அணிய வேண்டும் என்பது 2015 முதல் இங்கு சட்டம். அன்று பிள்ளைகள் அணிந்திருந்தார்கள். நானும் மச்சானும் அணியவில்லை. கரையேறியதும் மூத்தவள் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்கள் விழுந்திருந்தால் ஆர் துடுப்பு வலிக்கிறது?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.