ஒதெல்லோ ஊரில் ஒரு நாள்!

ஒரே ஊருக்கு மூன்று பெயர். உலகத்துக்கு ஃபாமகுஸ்டா. துருக்கியர்களுக்கு மாகூசா. கிரேக்கர்களுக்கு அம்மோகோஸ்டோஸ். 'மணலில் ஒளிந்தது' என்று அர்த்தமாம். சைப்ரஸ் தீவின் கிழக்குக் கரையில் உள்ள இந்தத் துறைமுக ஊருக்குப் போகப் போகிறேன் என்று லார்னகா ஓட்டல்காரரிடம் சொன்னதும், அவர் துருக்கிப் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் சொல்லி வழிகாட்டினார். தீவின் அரசியல் அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது!

1974-லிருந்து தீவு இரண்டாகக் கிடக்கிறது. தெற்கே கிரேக்க சைப்ரஸ்காரர்கள், வடக்கே துருக்கி சைப்ரஸ்காரர்கள், நடுவில் ஐ.நா. படை. (1964-ல் அந்தப் படைக்கு முதல் தளபதி நம்ம ஜெனரல் கியானி. அடுத்து வந்த ஜெனரல் திம்மையா 1965-ல் பணியில் இருக்கும்போதே இங்கே காலமானார்.) வடக்கே 1983-ல் அறிவித்த தனிநாட்டைத் துருக்கியைத் தவிர யாரும் அங்கீகரிக்கவில்லை. அதனால் என்ன? சோதனைச் சாவடியில் ஒருத்தர் என் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் நாலு தரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை யாரும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

கோட்டை வாசலுக்கு வந்தால்... அடேயப்பா! சுவர் என்றால் அது சுவர். 15 மீட்டர் உயரம். தடிமன் சில இடங்களில் 8 மீட்டர். நம்ம ஒண்டுக்குடித்தன போர்ஷன் ஒன்றை சமையல்கட்டோடு அதற்குள் சொருகிவிடலாம். சுற்றிலும் பாறையைக் குடைந்த அகழி. 1489-ல் தீவைப் பிடித்த வெனிஸ்காரர்கள், பீரங்கிக்கும் அசையக் கூடாது என்று பலப்படுத்திய கோட்டை இது.

அப்படி என்ன இருந்தது உள்ளே? பணம் ஸார், பணம்! 1291-ல் பாலஸ்தீனக் கரையில் ஆக்ர் நகரம் விழுந்ததும், அங்கே கடை விரித்திருந்த கிறிஸ்தவ வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்தார்கள். ஊர் கொழித்தது. வருஷத்து நாளுக்கு ஒன்றாக 365 சர்ச் இருந்ததாகக் கதை. பணம் வந்தால் கௌரவமும் வருமே! 1372-ல் ராஜாவின் முடிசூட்டு ஊர்வலம். குதிரையின் கடிவாளத்தைப் பிடிப்பது ஜெனோவாக்காரனா வெனிஸ்காரனா என்று சண்டை. அது கைகலப்பாகி, அடுத்த வருஷம் ஜெனோவா கப்பற்படை வந்து ஊரையே பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்குச் சண்டை போடுகிற நம்ம சம்பந்திகள் எவ்வளவோ தேவலை.

அந்த முடிசூட்டு நடந்த செயின்ட் நிகோலஸ் பேராலயம் இன்றைக்கு லாலா முஸ்தஃபா பாஷா மசூதி. முகப்பு பிரான்ஸ் தேசத்துத் தேவாலயம் மாதிரி, ஒரு ஓரத்தில் மினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வெள்ளையடித்த தூண்கள், கம்பளம், நிசப்தம். வாசலில் ஒரு பிரம்மாண்டமான அத்தி மரம். 1299-ல் நட்டது என்கிறார்கள். வந்தவன் போனவன் எல்லாரையும் பார்த்துவிட்டு அது பாட்டுக்குக் காய்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த முற்றத்தில் சந்தோஷமாக நிற்க முடியாது. 1570 செப்டம்பரில் துருக்கிப் படை ஊரை வளைத்தது. பதினோரு மாசம் தாக்குப்பிடித்தது கோட்டை. உணவு தீர்ந்து, மருந்து தீர்ந்து, 1571 ஆகஸ்ட் 1-ம் தேதி தளபதி பிரகடின் சரணடைந்தார். உயிரோடு போக விடுவதாக ஒப்பந்தம். ஆனால் பேச்சு முறிந்தது. இரண்டு வாரம் கழித்து, ஊர் நடுவில், அவரை உயிரோடு தோலுரித்தார்கள். அந்தத் தோல் இப்போது வெனிஸில் ஒரு சர்ச்சில் இருக்கிறது.

துறைமுகத்தை ஒட்டி ஒதெல்லோ கோபுரம். வாசலுக்கு மேலே வெனிஸின் சிறகு முளைத்த சிங்கம். ஷேக்ஸ்பியர் தன் நாடகத்தில் 'சைப்ரஸில் ஒரு துறைமுகம்' என்றுதான் எழுதினார். கைக்குட்டைத் தகராறு நடந்த இடம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். இடிந்து விழுகிற நிலையில் இருந்த இதை கிரேக்கர்களும் துருக்கியர்களும் சேர்ந்து அமைத்த குழு சரிசெய்து 2015-ல் திறந்தது. கல்லுக்காகவாவது சேர்ந்தார்களே!

பக்கத்துக் கடையில் காபி சொன்னேன். இங்கே 'துருக்கி காபி' என்று கேட்க வேண்டும். தெற்கே அதே காபி, அதே வண்டல், பெயர் மட்டும் 'கிரேக்க காபி'. மாற்றிச் சொன்னால் காபியை விட முகம் கசக்கும்.

துருக்கியர் ஆட்சியில் கோட்டைக்குள் கிறிஸ்தவர்கள் குடியிருக்கக் கூடாது. அதனால் கிரேக்கர்கள் தெற்கே வெளியில் வளர்த்த ஊர் வரோஷா. 1970 வாக்கில் கடற்கரை பூராவும் ஓட்டல்கள், சினிமா நட்சத்திரங்கள். 1974 கோடையில் சண்டை. துருக்கி சைப்ரஸ்காரர்கள் பழைய கோட்டைக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள். 400 வருஷம் கழித்தும் சுவருக்கு வேலை வந்தது! ஆகஸ்டில் துருக்கி ராணுவம் வர, வரோஷா ஜனங்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. ராணுவம் வேலி போட்டது. 8 மீட்டர் கல் சுவர் தாங்கியது பதினோரு மாசம். இந்த முள்கம்பி 46 வருஷம் ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.

2020 அக்டோபரில் சில தெருக்களை மட்டும் திறந்தார்கள். நடக்கலாம், சைக்கிளில் போகலாம். கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. எட்டு மாடி ஓட்டல்கள் ஜன்னல் இல்லாமல் நிற்கின்றன. கடைப் பலகையில் பாதி எழுத்து. வீட்டுக் கூடத்தில் மரம் முளைத்து மொட்டைமாடி வழியாக எட்டிப் பார்க்கிறது.

ஒரு தெருவில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருத்தர், கயிறு கட்டிய இடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டாவது மாடி. என் அம்மா துணி காயப்போடுகிற பால்கனி" என்றார். மாடிப்படி பத்தடி தூரம்தான். ஒரு காலை எடுத்து வைத்தார். காவலாளி விசில் ஊதினான். அதட்டவில்லை, ஊதினான், அவ்வளவுதான்.

பெரியவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். "பால்கனியோடு சேர்த்து என்னை ஒரு படம் எடுங்கள் தம்பி. அந்தக் கயிறு மட்டும் விழாமல்..."

குனிந்து பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். எப்படி எடுத்தாலும் கயிறு விழுந்தது.