வாள் ஏந்திய கை: பரோக் ஓவிய லுக்ரீசியாவும் தொண்டை நாட்டுத் திரௌபதியும்

முன்னுரை

ஆடவர் இழைத்த கொடுமைக்கு உள்ளான தொன்மைக்காலப் பெண்களின் துயரை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பரோக் ஓவியர் பலர் கருப்பொருளாகக் கொண்டனர். செய்யூர், மாமல்லபுரம் ஆகிய கடற்கரைப் பகுதிகளை உள்ளடக்கிய தொண்டை நாட்டில் அத்தகு துயரின் உருவமாக விளங்குபவள் திரௌபதி. இவ்விரு மரபுகளிலும் வன்முறை எவர்மீது நிகழ்வதாகக் காட்டப்பெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

லுக்ரீசியா

உரோம அரசன் மகனால் வன்புணர்வுக்கு ஆளான லுக்ரீசியா, தந்தையும் கணவனும் அறிய நிகழ்ந்ததை உரைத்துத் தன்னைக் குத்திக்கொண்டு மாய்ந்தாள் என்பது உரோமர் மரபுச் செய்தி. ரெம்பிராண்ட் இதனை இருமுறை வரைந்தார். 1664ஆம் ஆண்டு ஓவியத்தில் குத்துவாள் அவள் மார்பை நோக்கியுள்ளது. 1666ஆம் ஆண்டு ஓவியத்தில் வெண்ணிற ஆடையில் குருதி படர்ந்துள்ளது. குற்றம் இழைத்தவன் இரண்டிலும் இல்லை.

திரௌபதி ரதம்

மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகளுள் குடிசைக் கூரை வடிவில் அமைந்தது திரௌபதி ரதம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பாகிய இதன் கருவறையில் நிற்பவள் கொற்றவை. அவள் காலடியில் மண்டியிட்ட வீரன் ஒருவன், ஒரு கையால் தன் தலைமுடியைப் பற்றி, மறுகையால் வாளைத் தன் கழுத்தில் வைத்துள்ளான். சிலப்பதிகாரமும் கலிங்கத்துப்பரணியும் சுட்டும் தலைப்பலி மரபோடு இச்சிற்பம் இயைகிறது. ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர் தொடர்பான பெயர்கள் அமைந்தது பிற்கால வழக்காதலின், பெயரைக் கொண்டு கொற்றவையையும் திரௌபதியையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. பெண் தெய்வத்தின் முன் ஆடவன் தன்னுயிர் தரும் மரபு இந்நிலத்தில் பழமையானது என்பதே இங்குப் பெறப்படுவது.

படுகளம்

வடதமிழகத் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதம் படிக்கப்பெறும். இரவில் தெருக்கூத்து நிகழும். அவையில் அவிழ்ந்த கூந்தல் துரியோதனன் வீழும்வரை முடியப்படுவதில்லை. இறுதியில், தரையில் மண்ணால் அமைத்த அவனது பேருருவின்மீது படுகளச் சடங்கு நிகழ, கூந்தல் முடியப்படுகிறது, தீமிதி தொடர்கிறது. குற்றவாளி ஊரார் கண்முன் கிடக்கிறான். இழிவுக்கு உள்ளானவள் உயிரோடு நிற்கிறாள்.

முடிவுரை

லுக்ரீசியாவின் கதையும் அவள் சாவோடு முடிவதன்று; அரச குடும்பம் துரத்தப்பட்டுக் குடியரசு தோன்றியது என்றே அது தொடர்கிறது. எனினும் ரெம்பிராண்ட் தேர்ந்தது அவள் தன்மீது செலுத்திய வாளையே. கூத்து மரபு தேர்ந்ததோ சூளுரையின் நிறைவேற்றம். ஒரு கணத்தை மட்டுமே காட்டவல்லது ஓவியம் என்பது இவ்வேறுபாட்டை முழுமையாக விளக்காது. எக்கணத்தைக் காட்டுவது என்னும் தேர்விலேயே துயரத் தலைவியைப் பற்றிய ஒரு பண்பாட்டின் தீர்ப்பு வெளிப்படுகிறது.