சுவருக்கும் ஒரு ஸ்நானம்

கொடைக்கானலில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்கள். ஒரு மாசி மாதம், நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் அங்கேயே வருவதாக ஏற்பாடு. ஒரு வாரம் முன்னதாகவே மலையேறிப் போய்ப் பார்த்தால், வடக்குச் சுவர் பச்சையும் கறுப்பும் சாம்பலுமாகத் தேமல் படர்ந்தாற்போல் நின்றது. எனக்கு மானமே போய்விட்டது!

கடைத்தெருவில் யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி வந்தேன். சுவரில் ஊற்றியதும் அது சோடாவைப் போல் பொங்கிற்று. அழுக்கு என்னமாய்ப் போகிறது என்று நான் பூரித்து நிற்கையில், அடுத்த வீட்டில் வேலையாயிருந்த வயதான கொத்தனார் ஓடி வந்தார்.

"நிறுத்துங்கம்மா! அது அழுக்கு போற நுரை இல்லே. சுவரு போற நுரை!"

ரசாயன சாஸ்திரமும் அதைத்தான் சொல்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீற்றிச் சுவரில் பூசிய பிறகு, காற்றிலுள்ள அதே கரியமிலவாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. பல வருஷங்களாக அது சேர்த்து வைத்ததை ஆசிட் ஒரு நிமிஷத்தில் கிளப்பிவிடுகிறது. அந்த நுரை அதுதான். சிமெண்ட் பூச்சையும் ஆசிட் அரிக்கும். உங்கள் வீடு சிமெண்ட் வீடு என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

கொடைக்கானலில் 1845-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியின் வெயிலுக்கும் வியாதிகளுக்கும் தப்பி வந்தவர்கள் அவர்கள். சுமார் 7,000 அடி உயரத்தில் வெயிலுக்குத் தப்பலாம். ஈரத்துக்குத் தப்ப முடியுமா? மழையாவது மேலிருந்து விழுகிறது. மூடுபனியோ பக்கவாட்டில் வந்து சுவரைக் கட்டிக்கொள்கிறது. பழைய காலத்துச் சுண்ணாம்புக்கு இது பழக்கந்தான். ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டையோ காற்றுப் புகாத பெயிண்டையோ அப்பினால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு பொருமிக் கழன்று விழுகிறது.

சரி, அந்தச் சாம்பல் தேமல் என்ன என்று கேட்டேன். கொத்தனார் சிரித்தார். "குழம்புக்குப் போடுற கல்பாசிக்குப் பங்காளிம்மா" என்றார். செட்டிநாட்டுச் சமையலுக்கு நீங்கள் வாங்குகிற அதே கல்பாசி இனந்தான்! ஒரு பாசியும் ஒரு காளானும் கூட்டுக் குடித்தனம் நடத்துகிற உயிர் அது. வேர் கிடையாது, வேண்டிய ஈரத்தைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே எடுத்துக்கொள்கிறது. அதனால் காற்றில் என்ன விஷம் இருந்தாலும் அதன் உடம்பில் தங்கிவிடும். 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் எவ்வளவு தூரம் பரவியது என்று பார்த்த விஞ்ஞானிகள், கொடைக்கானல் மரங்களில் படர்ந்திருந்த இந்த இனத்தைத்தான் எடுத்துச் சோதித்தார்கள். பாதரசம் இருந்தது. ஆகவே, சுவரில் இருப்பதைச் சுரண்டிக் குழம்பில் போடும் சிக்கனம் வேண்டாம், சகோதரிகளே!

மறுநாள் கொத்தனாரும் அவர் மகனும் வந்தார்கள். தேய்ப்பதற்கு முன்னால் பெரியவர் அரைமணி நேரம் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூரைத் தண்ணீர் போகும் தகரக் குழாய் சருகால் அடைத்துச் சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தது. பூச்செடிக்காக நான் குவித்திருந்த மண் சுவரோடு ஒட்டி ஈரத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. இவ்விரண்டையும் சரி செய்யாமல் சுவரைத் தேய்த்தால் அடுத்த மழைக்கே பாசி திரும்பிவிடும் என்றார். பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். 'டொக் டொக்' என்று போலியாகச் சத்தம் கேட்ட இடத்தில் கரியால் வட்டம் போட்டார். அங்கே பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது; முதலில் காரை வைத்து ஒட்டவேண்டும், தேய்க்கக் கூடாது.

மற்ற இடங்களில் வெறும் தண்ணீரைப் பூவாளியால் தூவி ஊறவிட்டார்கள். மெத்தென்ற பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்தார்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கிக் கறையாகிவிடுமாம். அலசுவது மட்டும் மேலிருந்து கீழே. கம்பி பிரஷ் கூடாது. அதன் துணுக்குகள் சுவரிலே தங்கித் துருப்பிடிக்கும். வாடகைக்குக் கிடைக்கிறதே, தண்ணீரைப் பீச்சியடிக்கிற இயந்திரம், அது காரையையே பெயர்த்துவிடும். கல்பாசி ஊறியபின் மரக்கரண்டிக்கு வந்த வரையில் எடுத்தார்கள். வராததை விட்டுவிட்டார்கள். எனக்கு அது மனக்குறைதான். ஆனால் வம்பாகப் பிடுங்கினால் சுண்ணாம்பும் கூடவே வரும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பச்சைப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிக்கிறவர்கள் உண்டு. நீர்க்கக் கரைத்து, பிறகு நன்றாக அலசிவிட்டால் பாதகமில்லை. ஆனால் ஆசிட் பட்ட இடத்தில் அது படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் யுத்தகளத்தில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது! குளியலறை கழுவும்போதும் இதை மறந்துவிடாதீர்கள்.

சுவர் காய்ந்தபின் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும்; சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். இதெல்லாம் கவனமாகத்தான் செய்தோம். நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி ஏணியைச் சாய்த்தோம், மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் போகவில்லை. அப்படியும், மேலே பார்த்து அடித்துக்கொண்டிருந்த பையனின் கண்ணில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. கண்ணாடி மாட்டிக்கொள்ளச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அவன் கசக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். திண்ணையில் படுக்க வைத்து, இமையை விரித்து, கெண்டியால் சுத்தமான தண்ணீரை ஊற்றினேன். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் அல்ல. கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம். சுண்ணாம்பு காரம், கண்ணுக்குள் ஊறிக்கொண்டே போகும். டாக்டரைத் தேடி ஓடுமுன் தண்ணீர்தான் முதல் வைத்தியம். பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் சோதித்துப் பார்த்து, "தண்ணீர் விட்டீர்களோ, கண் தப்பியதோ" என்றார். பெரியவர் அன்று முழுதும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானுந்தான்.

மறுநாள் பஜாரில் முதல் வேலையாக இரண்டு கண்ணாடியும் ரப்பர் கையுறையும் வாங்கினேன். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பை, சுவரை நனைத்து நனைத்து மூன்று பூச்சாக அடித்து முடித்தார்கள். ஆசிட் தின்ற இடத்தில் ஒரு குழி மட்டும் இன்னும் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு பெரணித் தொட்டியை வைத்தேன்.

சம்பந்தியம்மாள் வந்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றார்கள்.