டப்பாவுக்குள் குங்குமப்பூ என்ன ஆகிறது?

மகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிடும் பொருள், ஒரு கிராம் குங்குமப்பூ. அதைப் பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தோலின் நிறம் அப்பா அம்மா வழி மரபணுக்களில் வருவது. அது போகட்டும். டம்ளருக்கு இரண்டு மூன்று இழை என்று சில மாதம் ஓடும். குழந்தை பிறந்ததும் டப்பாவை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இரண்டு தீபாவளி கழித்துக் கேசரி கிண்டும்போது யாருக்காவது நினைவு வரும். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "வாசனை அப்படியே இருக்கு" என்று ஒரு சிட்டிகை போடுவார்கள். கேசரியில் மஞ்சள் ஏறாது. "போலியைத் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரருக்குத் திட்டு விழும்.

போலியாகவும் இருக்கலாம். ஆனால் அசல் சரக்கே இப்படி ஆவதற்கு வாய்ப்பு நிறைய உண்டு. குங்குமப்பூவின் நிறம், கசப்பு, மணம் மூன்றும் ஒரே சமயத்தில் குறைவதில்லை. நிறமும் கசப்பும் முன்னால் கிளம்பிவிடும். மணம் சாவகாசமாகத்தான் கிளம்பும். இடைப்பட்ட காலத்தில் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் அது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

ஏன் இப்படி என்பதற்கு ஃபில்டர் காப்பியைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். வறுக்காத காப்பிக்கொட்டையைக் கையில் எடுத்து மோந்து பாருங்கள். காப்பி வாசமே இருக்காது. மணத்துக்கான மூலப்பொருள் உள்ளே இருக்கிறது, மணம் இல்லை. வறுக்கும்போதுதான் அது பிறக்கிறது.

குங்குமப்பூவின் கதையும் இதுதான். ஸ்ரீநகரை அடுத்த பாம்போர் மேட்டு நிலங்களில் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஊதா நிறத்தில் பூ பூக்கும். காலையிலேயே பறித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்புச் சூல்முடிகளைக் கையாலேயே பிரித்தெடுக்கிறார்கள். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஒன்றரை லட்சம் பூ தேவைப்படும் என்பது வழக்கமான கணக்கு. அப்போதுதான் பிரித்த அந்த ஈர இழையில் நிறம் இருக்கும், கசப்பு இருக்கும். நாம் குங்குமப்பூ வாசனை என்று சொல்கிற அந்த வாசனை மட்டும் அநேகமாக இருக்காது. உலர்த்தும்போதுதான் அது வருகிறது. காஷ்மீரில் வெயிலிலும் நிழலிலும் காயவைப்பது பழைய முறை. ஸ்பெயின் நாட்டின் லா மாஞ்சாவில் சல்லடையில் பரப்பி இளஞ்சூட்டில் வாட்டி எடுப்பார்கள். எப்படிச் செய்தாலும் எடையில் ஐந்தில் நாலு பங்கு ஈரமாகவே போய்விடும்.

உலரும்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். இழையில் முக்கியமான பொருட்கள் மூன்று. நிறம் தருவது குரோசின். கசப்பு தருவது பிக்ரோகுரோசின். மணம் தருவது சஃப்ரனால். இந்த மூன்றாவது தனியாக விளைவதில்லை. இரண்டாவது உடைந்துதான் மூன்றாவது உண்டாகிறது. பிக்ரோகுரோசினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைத் துண்டு கழன்று, மிச்சம் இருப்பது சூட்டில் நீரை இழந்து சஃப்ரனாலாக மாறுகிறது. கசப்பைச் செலவழித்துத்தான் மணத்தைச் சம்பாதிக்கிறோம்.

இதுவரை காப்பிக்கொட்டை ஒத்துழைத்தது. இனிமேல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வறுத்த கொட்டையில் மணம் உண்டாகும் வேலை வறுப்போடு முடிந்தது. அதன்பின் இழப்பு மட்டும்தான். குங்குமப்பூவிலோ அந்த வேலை டப்பாவுக்குள்ளும் மெல்ல நடந்துகொண்டே இருக்கிறது. பிக்ரோகுரோசின் தொடர்ந்து உடைவதால், சேமித்து வைத்த முதல் சில மாதங்களில் சஃப்ரனால் கூடவும் செய்யும். அதே மாதங்களில் குரோசின் குறைந்துகொண்டே போகிறது. டப்பாவைத் திறந்ததும் குப்பென்று மணம் வருகிறது. சாயமோ ஏற்கெனவே தேய ஆரம்பித்துவிட்டது.

குங்குமப்பூவுக்கான உலகத் தரவிதி ஐ.எஸ்.ஓ 3632-ஐப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இழைகளை அரைத்து நீரில் கரைத்து, அந்தக் கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கிறார்கள். 440 நானோமீட்டரில் நிறம், 257-இல் கசப்பு, 330-இல் மணம். முதல் தரத்துக்கு நிறம் 200-க்குக் குறையக்கூடாது, கசப்பு 70-க்குக் குறையக்கூடாது. மணத்துக்கு மட்டும் 20 முதல் 50 வரை என்று கீழே ஒரு வேலி, மேலே ஒரு வேலி. அதுவும் மூன்று தரங்களுக்கும் ஒரே எல்லைதான். ஆக, தரம் பிரிப்பது நிறத்தையும் கசப்பையும் வைத்துத்தான். மணத்தை வைத்து உயர்ந்தது தாழ்ந்தது என்று பிரிக்க அந்த விதியே முனையவில்லை. நாம் மட்டும் மூக்கை முன்னே நீட்டுகிறோம்.

நிறம் ஏன் இவ்வளவு பலவீனம்? குரோசின் என்பது நீளமான கார்பன் சங்கிலி. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அந்த நீளமும் அடுக்கும் சேர்ந்துதான் நீல ஒளியை விழுங்கி நமக்கு மஞ்சளைக் காட்டுகின்றன. வெளிச்சமோ காற்றிலுள்ள ஆக்சிஜனோ அந்த இரட்டைப் பிணைப்புகளில் கைவைத்தால் சங்கிலி அறும். அறுந்த துண்டுகளுக்கு நிறம் கிடையாது. சூடு இதை வேகப்படுத்தும். ஈரம் இன்னொரு வழியில் கெடுக்கும். சங்கிலியின் இரண்டு முனையிலும் சர்க்கரை கோத்திருப்பதால்தான் குரோசின் நீரில் கரைகிறது. ஈரம் பட்டால் அந்தச் சர்க்கரை கழல ஆரம்பிக்கும். கழன்றுவிட்டால் கரையும் தன்மையும் போச்சு. (கேரட்டின் நிறமியும் இதே குடும்பம்தான், ஆனால் சர்க்கரை இல்லாததால் நெய்யில்தான் கரையும். குங்குமப்பூவை நேராக நெய்யில் போட்டு, சாயம் இறங்கவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. வெதுவெதுப்பான பாலிலோ நீரிலோ ஊறப்போட்டுத்தான் சேர்க்கவேண்டும்.)

ஆகவே வெளிச்சம், காற்று, சூடு, ஈரம் என்று எதிரிகள் நாலு பேர். நம் சமையலறையில் நாலு பேரும் குடியிருக்கிறார்கள். மோசமான இடம் அடுப்புக்கு மேல் உள்ள தட்டு. அடுத்தது அஞ்சறைப் பெட்டி. தாளிக்கும்போதெல்லாம் திறப்பதால் ஆவி உள்ளே போகும், போதாக்குறைக்குப் பெருங்காய வாசனையும் ஏறும். குங்குமப்பூ விற்கும் அந்தக் குட்டிக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பா பார்க்க அழகு, சேமிக்க உதவாது. கடையிலேயே மாதக்கணக்கில் குழல்விளக்கு வெளிச்சத்தில் இருந்திருக்கும். தகரடப்பாவில் வருவது மேல். பிளாஸ்டிக்கில் வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் இறுக்கமான மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி, அடுப்பிலிருந்து தள்ளியுள்ள மூடிய அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பார்கள். குளிர் கெடுதல் அல்ல; வெளியே எடுப்பதில்தான் கெடுதல். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் சில்லென்ற குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் நேராக இழையில் போய்ப் படியும். இழைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச ஈரம் 12 சதவீதம். நாலு தடவை இப்படித் திறந்து மூடினால் அந்தக் கணக்கு தாங்காது. வைத்தே ஆகவேண்டும் என்றால் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். எடுத்த பிறகு அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். நிறைய இருந்தால் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறப்பது நல்லது.

பொடியாக வாங்குவதைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. காப்பிக்கொட்டையை அன்றன்றைக்கு அரைத்துக்கொள்பவர்கள் சொல்லும் காரணமேதான்: அரைத்ததும் காற்றுப்படும் பரப்பு பலமடங்காகிவிடுகிறது. இழையாக வாங்குங்கள். வேண்டும்போது ஒரு சிட்டிகை சர்க்கரையோடு சின்னக் கல்வத்தில் நுணுக்கிக்கொள்ளலாம். ஈரானிய வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். நீரில் போட்டதும் சிவப்பாகச் சாயம் கொட்டினால் போலி, மெல்ல மெல்லப் பொன்மஞ்சள் இறங்கி இழை சிவப்பாகவே நின்றால் அசல் என்பார்கள். சரிதான். ஆனால் அது அசலா என்று மட்டுமே சொல்லும். புதிதா என்று சொல்லாது. சிக்கரி கலந்த டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்குகிறது. அதை வைத்துக் கொட்டை எப்போது வறுத்தது என்று சொல்ல முடியுமா? இழையின் அடியில் மஞ்சள் வால் இருந்தால் பழசு என்பதும் தப்பு. அது சூல்தண்டின் மிச்சம். வாலோடு வருவதைக் காஷ்மீரில் லச்சா என்பார்கள், வால் நறுக்கிய தனிச்சிவப்பை மோங்ரா என்பார்கள். வாலில் நிறம் அதிகம் இல்லாததால்தான் மோங்ராவுக்கு விலை கூடுதல்.

புதிதா என்று அறிய, ஆய்வுக்கூடம் செய்வதையே கண்ணால் செய்யலாம். ஐம்பது மில்லி வெதுவெதுப்பான நீர், கண்ணாடி டம்ளர், பத்து இழை, கால் மணி நேரம். புதிய டப்பாவைத் திறக்கும் அன்றே இதைச் செய்து, டம்ளருக்குப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே டம்ளர், அதே இடம், அதே அளவு. ஆரஞ்சை நெருங்கும் பொன்மஞ்சள் வைக்கோல் மஞ்சளாக வெளுத்திருந்தால், அதே பலனுக்கு இனி அதிக இழை போடவேண்டியிருக்கும். பிறகு ஓர் இழையை நாக்கில் வைத்துப் பாருங்கள். சுள்ளென்று கசந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. சப்பென்று இருந்தால் பிக்ரோகுரோசின் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இனித்தால் எடைக்காகத் தேனோ பாகோ தடவிய சரக்கு. விரலால் நசுக்கினால் இழை மொறுமொறுவென்று முறிய வேண்டும். துவண்டு ஒன்றோடொன்று ஒட்டினால் ஈரம் ஏறியிருக்கிறது. கருஞ்சிவப்பு மங்கிச் செங்கல் பழுப்பாகியிருந்தால் டம்ளர் பரிசோதனையே தேவையில்லை.

டப்பாவில் பொதி செய்த தேதியை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அறுவடை ஆண்டுக்கு ஒரு முறைதான். இந்த ஆகஸ்டில் பொதி செய்தது என்றாலும் குறைந்தது போன நவம்பர் விளைச்சலாகவே இருக்கும். அதற்கும் முந்தியதாகக்கூட இருக்கலாம். எந்த வருட அறுவடை என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்கலாம். நன்றாக மூடி வைத்தால் அறுவடையிலிருந்து இரண்டு வருடம் வரை முழுப்பலன் எதிர்பார்க்கலாம், அதன்பின் சரிவுதான்.

உலர்ந்த நிலையில் பழசான குங்குமப்பூ உடம்புக்குக் கெடுதல் செய்யாது. தூக்கிப் போடவேண்டாம். நிறம் எதிர்பார்க்கும் கேசரிக்கும் பிரியாணிக்கும் அது போதாது. மணம் மட்டும் போதும் என்கிற பாசந்திக்கோ பாயசத்துக்கோ இரட்டிப்பாக எடுத்து, சர்க்கரையோடு நுணுக்கி, இளஞ்சூடான பாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சேர்த்துவிடலாம். பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், வெயிலில் காயவைத்துத் தேற்றப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.